பீட்டிலுக்கு வேறு கியர் பெட்டி

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் கியர் பெட்டியை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். அது தங்கள் சேஸிஸில் உட்காருமா, தங்கள் எஞ்சினோடு சேருமா என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்க்கிறார்கள். பீட்டில் எல்லா ஆண்டுகளிலும் ஒரே உருவத்தில் இருந்ததால் வரும் வினை இது. வெளியே தகடு மாறவில்லை; அடியில் ஏறக்குறைய எல்லாமே மாறியது. அதனால் இந்த அத்தியாயத்தில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. கழற்றி மாட்டுகிற வேலை அதற்குப் பிறகுதான் வரும்.

எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பிட்ட மாற்றத்தையே முழுக்கப் பார்ப்போம். உங்களிடம் இருப்பது 1961க்கும் 1965க்கும் இடையில் வந்த 1200 சிசி வண்டி: ஆறு வோல்ட், 34 குதிரைத்திறன், ஸ்விங் ஆக்ஸில். அதில் மாட்ட நினைப்பது 1968–70 காலத்து 1500 மாடலின் கியர் பெட்டி. அதுவும் ஸ்விங் ஆக்ஸில்தான், ஆனால் பன்னிரண்டு வோல்ட் காலத்தது, கிரவுன் பினியன் விகிதம் வேறு. பலரும் ஆசைப்படுவது இந்த மாற்றத்துக்குத்தான், செய்து முடிக்கக்கூடியதும் இதுதான்.

எதற்காக மாற்றுகிறோம்

1200 வண்டியின் கிரவுன் பினியன் விகிதம் 4.375. பினியனில் 8 பல், கிரவுன் வீலில் 35 பல். 1500 மாடலில் 33க்கு 8, அதாவது 4.125. எழுபதுகளில் 1600 எஞ்சினோடு வந்த பெட்டிகளில் 31க்கு 8, அதாவது 3.875. நாலாவது கியரின் விகிதம் மூன்றிலும் 0.89ஐ ஒட்டியே இருக்கும். எனவே வித்தியாசம் முழுவதும் கிரவுனில்தான்.

165 அகல, 15 அங்குல டயரில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது 4.375 பெட்டியில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,300 சுற்று சுற்றும். 4.125இல் 3,100. 3.875இல் 2,900. நெடுஞ்சாலையில் காது கொஞ்சம் ஓய்வெடுக்கும், எஞ்சினும் ஓய்வெடுக்கும் என்று தோன்றும். காதைப் பொறுத்தவரை உண்மை. எஞ்சினைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது.

தண்ணீரால் குளிரும் எஞ்சினில் இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. பீட்டிலில் சிலிண்டர்களைக் குளிர வைக்கும் விசிறி டைனமோவின் மறுமுனையில் இருக்கிறது. டைனமோவை எஞ்சின் பெல்ட் சுழற்றுகிறது. சுற்று குறைந்தால் காற்றும் குறையும். ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி, நீங்கள் எந்தக் கியர் பெட்டி வைத்திருந்தாலும் ஒன்றுதான். அதே சக்தியைக் குறைந்த சுற்றில் எடுக்க ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துவீர்கள். வெப்பம் ஏறக்குறைய அதேதான், விசிறிக் காற்று எட்டில் ஒரு பங்கு குறைவு. ஏற்றம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 34 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 3.875 பெட்டி மாட்டியவர்கள் பாதி நேரம் மூன்றாவது கியரில்தான் ஓட்டுவார்கள். இல்லையென்றால் நாலாவதில் திணறவிட்டு மூன்றாவது சிலிண்டரை வறுப்பார்கள். ஆயில் கூலரின் நிழலில் நிற்கும் அந்தச் சிலிண்டர் எப்போதுமே மற்றவற்றைவிடச் சூடு.

என் தீர்ப்பு இது. 1200 எஞ்சின் அப்படியே இருக்கப் போகிறது, மலைச் சாலையில்தான் ஓட்டம் என்றால் 4.375ஐ மாற்றாதீர்கள். பீட்டில்கள் இன்னும் நிறைய ஓடுகிற இலங்கையில் நுவரெலியா ஏறுபவருக்கு நீண்ட கியர் ஒரு தண்டனை. எஞ்சினும் 1500 அல்லது 1600 ஆகப் போகிறதென்றால் 4.125 மிகச் சரியான இடம். 3.875, நல்ல 1600 எஞ்சினும் சமவெளி நெடுஞ்சாலையும் இருப்பவருக்கு மட்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பீட்டிலின் வேகமானி கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருவதில்லை. முன்பக்க இடது சக்கரத்தின் நடுவிலிருந்து வருகிறது. பெட்டியை எப்படி மாற்றினாலும் வேகமானி பொய் சொல்லாது.

கடையில் பெட்டியைச் சோதிப்பது

பழைய சாமான் கடைக்காரர் சொல்லும் ஆண்டை நம்ப வேண்டாம். உறையில் வெட்டியிருக்கும் எழுத்துக் குறியையும் முழுக்க நம்ப வேண்டாம். ஐம்பது வருடத்தில் யார் உள்ளே எதை மாற்றினார்களோ. கையாலேயே எண்ணிவிடலாம். பெட்டியை நாலாவது கியரில் போடுங்கள். ஒரு பக்க ஆக்ஸிலை நகராமல் பிடித்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். மறுபக்க ஆக்ஸிலைச் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, கிளட்ச் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பத்தொன்பதரைக்குப் பக்கமாக வந்தால் 4.375. பதினெட்டரைக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.125. பதினேழுக்குப் பக்கமாக இருந்தால் 3.875. ஒரு பக்கத்தைப் பிடித்திருப்பதால் டிஃபரன்ஷியல் மறுபக்கத்தை இரட்டிப்பாகச் சுழற்றும். எண்ணிக்கை பாதியாகத் தெரிவது அதனால்தான்.

அப்படியே எல்லாக் கியரிலும் போட்டுப் பாருங்கள். பிறகு அடி பிளக்கைத் திறந்து ஆயிலைக் கொஞ்சம் வடியுங்கள். பிளக்கில் காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். பல்லின் துண்டு இருந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆயிலில் பித்தளைப் பொடி மினுங்கினால் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. அதற்கேற்ற விலை கேளுங்கள்.

வாங்கவே கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1967 வரை வந்த ஃபோக்ஸ்வாகன் வேனின் பெட்டி பார்ப்பதற்குப் பீட்டிலின் பெட்டி மாதிரியே இருக்கும். அந்த வேனின் பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பல் சக்கர ஜோடி உண்டு. அது சுழற்சித் திசையைத் திருப்பிவிடும். அதை ஈடுகட்ட உள்ளே கிரவுன் வீலை எதிர்ப்பக்கம் வைத்திருந்தார்கள். தெரியாமல் அதைப் பீட்டிலில் மாட்டினால் பின்னோக்கிப் போக நாலு கியரும் முன்னோக்கிப் போக ஒரு கியரும் கிடைக்கும். சுபாரு காரின் ஐந்து கியர் பெட்டியைத் திருப்பி மாட்ட நினைப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அந்தக் காரில் எஞ்சின் கியர் பெட்டிக்கு முன்னால் இருக்கிறது, பீட்டிலில் பின்னால். அதற்கென்றே எதிர்த்திசையில் பல் வெட்டிய கிரவுன் பினியன் வேண்டும். செலவைக் கேட்டால் பாதிப் பேர் ஆசையை விட்டுவிடுவார்கள்.

எது எதோடு சேரும்

1960 ஆகஸ்டுக்கு முன் வந்த பெட்டிகள் இரண்டு பாதிகளாகப் பிளந்து போல்ட் போட்டவை. அதற்குப் பிறகு வந்தது ஒரே வார்ப்பான உறை, நாலு முன் கியருக்கும் சிங்க்ரோ. பிளந்த பெட்டி இருந்த சேஸிஸில் பிந்தைய பெட்டியின் பிடிப்புகள் பொருந்தாது. அப்படிப்பட்ட வண்டி உங்களிடம் இருந்தால் அதன் சொந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பதே நியாயம்.

பெட்டியின் முன்முனையைப் பட்டறையில் மூக்கு என்பார்கள். அது ஒரு ரப்பர் மவுண்டிங் வழியாகச் சேஸிஸில் உட்காருகிறது. இந்த ரப்பரின் வடிவம் சில முறை மாறியிருக்கிறது. 1973 மாடலில் வந்த மாற்றம் பெரியது. அதற்குப் பிந்தைய பெட்டி கிடைத்தால் மூக்கைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்டியின் மூக்கை அதில் மாட்டுங்கள். மூக்கும் ரப்பரும் எப்போதும் சேஸிஸின் கட்சி என்று நினைவில் வையுங்கள். 1968–70 பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு; ஆனாலும் இரண்டு ரப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துளைகளை ஒப்பிடாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

பின்பக்கம்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஆறு வோல்ட் வண்டியின் ஃப்ளைவீலில் 109 பல். பன்னிரண்டு வோல்ட் ஃப்ளைவீலில் 130 பல், விட்டமும் பெரிது. பழைய பெட்டியில் புதிய எஞ்சினை மாட்டினால் பெல் ஹவுசிங்கின் உள்சுவரில் உரசும். கிரைண்டரால் தேய்த்துத்தான் இடம் பண்ண வேண்டும். நாம் செய்வது அதற்கு எதிர்ப்பக்கம் என்பதால் இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்டார்ட்டர் தண்டின் முனை உட்காரும் புஷ் ஆகிய மூன்றும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ஆறு வோல்ட் ஸ்டார்ட்டரின் தண்டு தடிமனானது, பன்னிரண்டு வோல்ட் ஸ்டார்ட்டரின் தண்டு மெலிந்தது. புஷ் பெட்டியோடு வரும். தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். பெட்டி வண்டியில் ஏறியபிறகு அந்தப் புஷ்ஷை எட்டிப் பிடிப்பது எரிச்சலான வேலை. ஃப்ளைவீலையும் ஸ்டார்ட்டரையும் மாற்றுகிற அன்றைக்கே வண்டி முழுவதையும் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கொண்டுபோவதுதான் சரி.

கிளட்ச் ரிலீஸ் பேரிங்கில் இரண்டு வகை. 1970 ஆகஸ்டு வரை அது ஃபோர்க்கில் கிளிப்பால் மட்டும் நிற்கும்; பிரஷர் பிளேட்டின் நடுவில் அதற்கென ஒரு வளையம் இருக்கும். பிறகு வந்த பெட்டிகளில் பேரிங் ஒரு வழிகாட்டிக் குழாய்மேல் நகரும்; பிரஷர் பிளேட்டில் வளையம் கிடையாது. குழாய் இல்லாத பெட்டிக்கு வளையமுள்ள பிளேட், குழாய் உள்ள பெட்டிக்கு வளையமில்லாத பிளேட். கலந்து மாட்டினாலும் வண்டி முதல் நாள் ஓடும், நீங்களும் தப்பித்தோம் என்று நினைப்பீர்கள். பிறகு பேரிங் சிதறி, எஞ்சினை மறுபடி இறக்க வைக்கும்.

அடுத்து ஆக்ஸில்கள். 1500 மாடல் 1966 ஆகஸ்டில் வந்தபோது பின் ஆக்ஸில்கள் நீளமாயின, சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது. அதன் சக்கரங்கள் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் நாலு போல்ட் கொண்டவை. உங்கள் 1200இன் சக்கரங்கள் 205 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். பெட்டியை ஆக்ஸில், டிரம் எல்லாவற்றோடும் அப்படியே மாட்டினால் முன்னால் ஒரு வகைச் சக்கரமும் பின்னால் வேறு வகையும் வரும். ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் உதவும். பழைய வண்டியின் தோற்றத்தையும் அகலத்தையும் காப்பாற்ற நினைப்பவர்கள் தங்கள் பழைய ஆக்ஸில்களையே புதிய பெட்டிக்கு மாற்றலாம். நான் பரிந்துரைப்பதும் இதுதான்.

அந்த வேலைக்குக் கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். ஆக்ஸில் குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தின் நட்டுகளைக் கழற்றினால் குழாய் வெளியே வரும். உள்ளே ஒரு சர்கிளிப்பும் வாஷரும் இருக்கும். அவற்றை எடுத்தால் ஆக்ஸிலும் அதன் முனையைப் பிடித்திருக்கும் பல் சக்கரமும் சேர்ந்து வெளியே வரும். ஆக்ஸிலின் தட்டையான முனையும் அந்தப் பல் சக்கரமும் தொழிற்சாலையில் வண்ணக் குறியிட்டு இணை சேர்த்தவை. ஆகவே பழைய ஆக்ஸிலோடு அதன் பல் சக்கரத்தையும், இடையில் உட்காரும் வளைந்த தகடுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். இடதையும் வலதையும் கலக்க வேண்டாம். குழாய் வளையத்தின் அடியில் காகித காஸ்கெட்டுகள் இருக்கும். அவற்றின் எண்ணிக்கைதான் குழாயின் ஆட்டத்தை நிர்ணயிக்கிறது. வளையத்தை இறுக்கியபிறகு குழாய் மேலும் கீழும் தாராளமாக அசைய வேண்டும். ஆனால் உள்ளும் வெளியும் ஆடக்கூடாது. அதற்கேற்ப ஒரு காஸ்கெட்டைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். ரப்பர் பூட்டுகளை இந்தச் சமயத்தில் புதிதாகப் போட்டுவிடலாம்.

ஐஆர்எஸ் ஆசை

இந்த இடத்தில் யாராவது ஒரு நண்பர், இவ்வளவு செய்கிறவர் ஐஆர்எஸ்ஸுக்கே போய்விடலாமே என்பார். பின் சக்கரங்கள் தனித்தனியாகச் சாயாமல் ஏறி இறங்கும் அமைப்பு அது; அமெரிக்காவுக்கான பீட்டில்களில் 1969 மாடலிலிருந்தும், 1302, 1303 மாடல்களிலும் இருந்தது. ஸ்விங் ஆக்ஸிலில் சக்கரம் கீழே இறங்கும்போது உள்பக்கமாக மடங்கும். வளைவில் திடீரென்று பிரேக் அடித்தால் பின்பக்கம் தூக்கி, வண்டி வழுக்கும். ஐஆர்எஸ்ஸில் அந்தப் பயம் வெகுவாகக் குறைவு. வண்டியின் நடத்தையை மட்டும் பார்த்தால் அதுவே மேலானது, சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பெட்டியை ஸ்விங் ஆக்ஸில் சேஸிஸில் மாட்ட, பின் கைகளைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டுகளைச் சேஸிஸில் வெல்டிங் செய்ய வேண்டும். டார்ஷன் கம்பிகள் நீளமானவை; அவற்றையும் மாற்ற வேண்டும். பிராக்கெட்டின் கோணம் சிறிது பிசகினாலும் பின் சக்கரம் நேராக நிற்காது. ஜிக் இல்லாமல் கண்ணளவில் பற்ற வைக்கிற வேலை அல்ல. நெடுஞ்சாலையில் சுற்றைக் குறைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இதற்குள் இறங்காதீர்கள். சேஸிஸை எப்படியும் தனியாகப் பிரித்து மணல் அடித்துப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இறக்குவதும் ஏற்றுவதும்

பின் ஆக்ஸிலின் 36 மில்லிமீட்டர் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே, கை பிரேக் போட்டுத் தளர்த்துங்கள். 300 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய நட்டு அது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு நீளக் குழாய் போட்டு இழுத்தால் வண்டி உங்கள் மேல் இறங்கும். பேட்டரியைத் துண்டித்தபிறகு எஞ்சினை இறக்குங்கள். பெட்டியோடு அதைச் சேர்ப்பது நாலு பிடிப்புகள்தான்.

ஆக்ஸிலின் வெளிமுனை, ஸ்பிரிங் பிளேட் என்ற தட்டையான பட்டையில் போல்ட் போட்டிருக்கிறது. அந்தத் துளைகள் நீளவாக்கில் இருப்பவை. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது இந்த இடத்தில் முடிவாகிறது. கழற்றும் முன் இரண்டின் மேலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இந்த ஒரு கோடு அலைன்மெண்ட் கடையில் அரை நாளை மிச்சப்படுத்தும்.

பின் சீட்டைத் தூக்கினால் நடுச் சுரங்கத்தின் முடிவில் சிறிய மூடி இருக்கும். அதற்குள்தான் கியர் ராடும் பெட்டியும் சேரும் கப்ளிங். அதன் சதுரத் தலை ஸ்க்ரூவில் கம்பி சுற்றியிருக்கும். கம்பியை வெட்டி, ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது புதுக் கம்பி சுற்றாமல் விட்டால் நடுவழியில் கியர் லீவர் கையோடு வெறுமனே ஆடும். பிரேக் ஹோஸ், கை பிரேக் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் வயர், எர்த் பட்டை ஆகியவற்றைக் கழற்றியபிறகு மூக்கின் நட்டுகள், கடைசியாகப் பின் தாங்கியின் இரண்டு பெரிய 27 மில்லிமீட்டர் போல்டுகள். ஆக்ஸில்களோடு சேர்ந்த பெட்டி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. ஜாக்கி அடியில் இருக்கட்டும், கூட ஒரு ஆளும் இருக்கட்டும்.

ஏற்றும்போது எல்லாப் பிடிப்புகளையும் முதலில் தளர்வாகவே போட்டு, பெட்டி இழுபடாமல் தானாக உட்கார்ந்ததும் இறுக்குங்கள். முறுக்கிய நிலையில் இறுக்கிய ரப்பர் முதல் கியரில் வண்டியை உதற வைக்கும். பழி கிளட்ச்சின் மேல் விழும். எஞ்சினைச் சேர்க்கும்போது அதன் எடை ஒரு கணம்கூடக் கியர் பெட்டியின் தண்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும்.

எர்த் பட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சினும் பெட்டியும் ரப்பரின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் திரும்பிப் போக அந்தப் பட்டைதான் வழி. மறந்துவிட்டால் மின்சாரம் கிளட்ச் கேபிளையும் ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் வழியாக்கிக்கொள்ளும். கேபிள் காய்ந்து புகையும்போதுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

கிளட்ச் கேபிளின் பின்முனையில் உள்ள வளைகுழாய் நேராக இருக்கக்கூடாது, 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை தொங்கி வளைந்திருக்க வேண்டும். மிகவும் நேராக இருந்தால் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும். வாஷர் போட்டுச் சரிசெய்யலாம். பெடலில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ஆட்டம் விடுங்கள். பிறகு கியர் லீவர். இரண்டாவதுக்குத் தள்ளும்போது ரிவர்ஸ் விழுந்தால், லீவருக்கு அடியில் உள்ள தடுப்புத் தகடு இடம் மாறியிருக்கிறது அல்லது திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு போல்டைத் தளர்த்தி நகர்த்தினால் சரியாகிவிடும், பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஆயில் ஜிஎல்-4 தரத்தில் 80டபிள்யூ-90, இரண்டரை லிட்டர். சிங்க்ரோ வளையங்களில் பித்தளை இருப்பதால் ஜிஎல்-5ஐத் தவிர்ப்பது நல்லது. பக்கத் துளை வழியாக ஊற்றும்போது அவசரப்பட்டால் ஒரு லிட்டரிலேயே வழிந்து, நிரம்பிவிட்டது போல ஏமாற்றும். கொஞ்சம் ஊற்றி, நின்று, மறுபடி ஊற்றுங்கள்; இரண்டரை லிட்டரும் உள்ளே போயிருக்க வேண்டும்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆக்ஸில் நட்டு, ஸ்பிரிங் பிளேட் போல்ட், பின் தாங்கி போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். அடி பிளக்கின் காந்தத்தையும் துடையுங்கள். கழற்றிய பழைய பெட்டியை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆயிலோடு, துளைகளை அடைத்து, எந்த வண்டியினுடையது என்று சீட்டு எழுதிக் கட்டி ஒரு மூலையில் வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்றால், வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் கேட்பார்.